வண்டி விளம்பர சாகசம் நிஜமா? கம்பி அழிப்பவன் சொல்லும் வழிகள்

விளம்பரப் படங்களில் தெரியும் கம்பியை அழிப்பது என் தொழில். சென்னை சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்கிறேன். ரோப்பில் தொங்கும் ஆள், கிரேனில் கட்டித் தூக்கிய பைக், ஷாட்டுக்கு வெளியே நிற்கும் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) இழுக்கும் கார் என்று எது வந்தாலும், கம்பியை ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்துவிட்டு, அதன் பின்னால் இருக்க வேண்டிய வானத்தையோ மண்ணையோ நிரப்பிக் கொடுப்போம். வயர் ரிமூவல் என்போம். இந்த வேலையில் இருப்பதால், வீட்டில் யார் போனுக்கு எந்த வண்டி விளம்பரம் வந்தாலும் என் பக்கம்தான் நீட்டுவார்கள். "மாமா, இது நிஜமா, கிராஃபிக்ஸா?"

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. முழுக்க நிஜமாக நடந்த ஒன்றைப் படம் பிடித்துப் பொய் சொன்ன விளம்பரம் உண்டு. கணினியில் கம்பியை அழித்த பிறகும் சொன்ன விஷயத்தில் நேர்மையாக இருந்த விளம்பரமும் உண்டு. அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கம்பி எதைத் தாங்கியது? ஆளின் உயிரைத் தாங்கியிருந்தால் அது பாதுகாப்பு ஏற்பாடு. வண்டியைப் பற்றிச் சொன்ன பெருமையைத் தாங்கியிருந்தால் அது ஏமாற்று. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க நான் பழகி வைத்திருக்கும் வழிகளை எழுதுகிறேன். போனோ கணினியோ, கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியலோ இருந்தால் போதும்.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

விளம்பரத்தை ஒரு முறை சாதாரணமாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும், "இந்த வண்டியால் இது முடியும்" என்று அது எதை நம்பச் சொல்கிறது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் சோதனைகளையும் இந்த வரியோடுதான் ஒப்பிட வேண்டும். இதை எழுதாமல் பார்த்தால் வாயைப் பிளந்து பார்ப்பதோடு முடிந்துவிடும்.

2013 நவம்பரில் வால்வோ டிரக்ஸ் வெளியிட்ட படம் பலருக்கு நினைவிருக்கும். நடிகர் ஜான் கிளாட் வான் டாம் இரண்டு லாரிகளுக்கு நடுவே, ஒரு லாரியின் பக்கக் கண்ணாடிப் பக்கம் ஒரு கால், இன்னொன்றில் இன்னொரு கால் என்று நிற்கிறார். இரண்டு லாரிகளும் பின்னோக்கி ஓடுகின்றன. ஓடிக்கொண்டே மெல்ல விலக, அவர் கால்கள் விரிந்து முழு ஸ்ப்ளிட்டில் வந்து நிற்கின்றன. ஸ்பெயினில் மூடிக் கிடந்த சியுடாட் ரியல் விமான நிலையத்தின் ஓடுபாதையில், சூரிய உதய வெளிச்சத்தில், ஒரே டேக்கில் எடுத்தது. அவருக்குப் பாதுகாப்புக் கம்பி இருந்தது, காலை ஊன்றிக்கொள்ளச் சின்ன மேடையும் இருந்தது. படத்தில் கம்பி தெரியாது. என் தொழில்காரர் யாரோ அழித்திருக்கிறார்.

இப்போது அந்த ஒரு வரியை எழுதுங்கள்: "இந்த லாரியின் டைனமிக் ஸ்டீயரிங் ரிவர்ஸிலும் கோடு பிடித்தாற்போல் போகும்." கம்பி வான் டாமைப் பிடித்திருந்தது. லாரியின் ஸ்டீயரிங்கை அது பிடிக்கவில்லை. இரண்டு டிரைவர்களும் பின்னோக்கி ஓட்டியபடி அந்த இடைவெளியைச் சீராக விரித்தது நிஜம். ஆகவே என் கணக்கில் இது தேறும்.

அதே ஆண்டு டிசம்பரில் சக் நாரிஸ் இரண்டு விமானங்களின் இறக்கைகளுக்கு நடுவே அதே ஸ்ப்ளிட் போட்டு, தலைமேல் ராணுவ வீரர்களை அடுக்கி நிற்பது போல ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படம் பரவியது. ஹங்கேரியின் டெலோவ் டிஜிட்டல் என்ற அனிமேஷன் நிறுவனம் செய்தது. முழுக்கக் கணினி வேலை. யாரும் எந்த வண்டியையும் அதை வைத்து விற்கவில்லை, அதனால் அதில் ஏமாந்தவரும் இல்லை.

அடுத்தது நிஸான். 2011-இல் அமெரிக்காவில் அதன் ஃப்ரான்டியர் பிக்கப் வண்டிக்கு ஒரு விளம்பரம் வந்தது. யாரோ போனில் எடுத்தது போல ஆடுகிற படம். மணல்மேட்டில் பக்கி என்னும் மணலில் ஓட்டும் சின்ன வண்டி ஒன்று ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து ஃப்ரான்டியர் வேகமாக வந்து அதை உச்சி வரை தள்ளிக்கொண்டு போகிறது. பார்ப்பவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். ஒரு வரி: "இந்த வண்டி இன்னொரு வண்டியைத் தள்ளிக்கொண்டே செங்குத்தான மணலில் ஏறும்." உண்மையில் இரண்டு வண்டிகளையும் கேபிள் கட்டித்தான் மேலே இழுத்தார்கள். மணல்மேட்டையும் இருப்பதைவிடச் செங்குத்தாகத் தெரியும்படி காட்டினார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதை விசாரித்து, 2014 ஜனவரியில் நிஸானும் அதன் விளம்பர நிறுவனம் டிபிடபிள்யூஏவும் இனி இப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தது. இங்கே கம்பி இழுத்தது வண்டியை. விளம்பரம் விற்ற விஷயமே அந்தக் கம்பியில்தான் தொங்கியது.

கம்பியே இல்லாமலும் ஏமாற்றலாம். 1990-இல் வால்வோ கார் கம்பெனி அமெரிக்காவில் காட்டிய விளம்பரம் அதற்குச் சரியான உதாரணம். வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்து, ஆள் உயரச் சக்கரம் கொண்ட பேர் ஃபுட் என்ற மான்ஸ்டர் டிரக் அவற்றின் மேல் ஏறிப் போகிறது. எல்லாம் நசுங்குகின்றன, வால்வோ 240 வேகன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. டிரக் நிஜம், கார்கள் நிஜம், நசுங்கியதும் நிஜம். கிராஃபிக்ஸ் என்று எதுவும் கிடையாது. ஆனால் வால்வோவுக்குள்ளே இரும்பும் மரமும் வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள், மற்ற கார்களின் கூரைத் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் படப்பிடிப்பு நடந்தபோது அங்கே இருந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். விஷயம் மாநில அட்டர்னி ஜெனரல் ஜிம் மேட்டாக்ஸிடம் போனது. வால்வோ விசாரணைச் செலவாக 3,16,250 டாலர் கட்டியது, செய்தித்தாள்களில் திருத்த விளம்பரம் போட்டது. விளம்பர நிறுவனம் வால்வோவுக்கு விளம்பரம் செய்யும் வேலையையே விட்டு விலகியது. அடுத்த ஆண்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் விவகாரத்தில் வால்வோவும் அந்த விளம்பர நிறுவனமும் தலைக்கு 1,50,000 டாலர் கட்டின.

கார் வாங்கும் குடும்பம் கூரை உறுதியை நம்பித்தான் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைக்கிறது. அந்த நம்பிக்கையின் மேல் மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் படம் எடுத்தது எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைக்கிறது.

நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

யூடியூபைக் கணினியில் திறந்து, படத்தை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும். கமா விசை ஒரு ஃப்ரேம் பின்னே கொண்டுவரும். போனில் இந்த வசதி இல்லை. வேகத்தை 0.25-க்குக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஷாட் மாறும் இடங்களை, அதாவது கட் எத்தனை என்று எண்ணுங்கள். சாகசம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை ஒரே ஷாட்டா, இல்லை நடுவில் வெட்டி ஒட்டியதா? கார் ராம்ப்பை நோக்கி வருகிறது, கட், டிரைவர் முகம், கட், கார் ஆகாயத்தில், கட், கார் தரையில் ஓடுகிறது. இப்படி இருந்தால் பறந்த காரும் தரையில் ஓடிய காரும் ஒன்றுதான் என்பதற்கு உங்கள் கையில் சாட்சி எதுவும் இல்லை. தாவி விழும் வண்டிக்கு முன் பகுதி நொறுங்குவது வழக்கம், சஸ்பென்ஷன் போய்விடும். அதனால் ஒரே நிறத்தில் பல கார்களைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். விழும் அந்த ஒரு நொடியை விளம்பரம் காட்டாமல் தாண்டினால், வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான நொடியை மறைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஷாட் போலத் தெரிவதும் ஒரே ஷாட்டாக இருக்க வேண்டியதில்லை. 2003-இல் ஹோண்டா அக்கார்டுக்கு வந்த 2 நிமிட விளம்பரத்தில் காரின் பாகங்கள் ஒன்றை ஒன்று தட்டித் தட்டி, கடைசியில் கார் உருண்டு வந்து நிற்கும். பெரும்பாலோர் இன்றும் கிராஃபிக்ஸ் என்றே நினைக்கிறார்கள். பாகங்களை நிஜமாகவே அடுக்கித் தட்டவிட்டு, திரும்பத் திரும்ப முயன்று எடுத்தது அது. ஆனாலும் இரண்டு நீண்ட ஷாட்டுகளை நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். சைலன்சர் உருண்டு போகும் இடத்தில் ஒட்டு இருக்கிறது. திரையை ஏதாவது ஒரு பொருள் முழுதாக மறைக்கும் இடம், கேமரா சட்டென்று திரும்பும் இடம், புகையோ தூசியோ நிறையும் இடம் என்று தேடினால் ஒட்டு அங்கேதான் இருக்கும். நானும் அங்கேதான் ஒட்டுவேன்.

அடுத்து சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கணினியில் வண்டியின் உடலை வரைவது இன்று பெரிய வேலை இல்லை. பெயிண்டின் மினுமினுப்பு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அச்சு அசலாக வந்துவிடும். கஷ்டம் எல்லாம் டயருக்கும் மண்ணுக்கும் நடுவில்தான். நிஜ டயர் பாரத்தில் கீழே கொஞ்சம் பிதுங்கும். பிரேக் அடித்தால் வண்டி மூக்கைக் குத்தும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பின்பக்கம் அமுங்கும். கல் தெறிக்கும், தெறித்த கல்லுக்கும் நிழல் இருக்கும். ஈரச் சாலையில் டயர் போன தடம் சில நொடி கழித்துத்தான் மூடும். தூசி சக்கரத்திலிருந்து கிளம்பி வண்டியின் பின்னால் சுழன்று ஏறும். இதில் எதுவும் இல்லாமல் வண்டி தரைமேல் வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அது நீங்கள் நினைக்கும் கார்தான் என்று உறுதியில்லை. 2016-இல் தி மில் என்ற லண்டன் ஸ்டூடியோ, பிளாக்பேர்ட் என்று ஒரு வண்டியை அறிமுகப்படுத்தியது. வெறும் சட்டமும் சக்கரங்களும் மேலே கேமராக்களும்தான். நீளம் அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு வேறு சக்கரம் மாட்டலாம். நிஜச் சாலையில் இதை ஓட்டிப் படம் பிடித்து, பிறகு எந்தக் காரை வேண்டுமானாலும் இதன் மேல் கணினியில் போர்த்திவிடலாம். தூசி நிஜம், டயர் தடம் நிஜம், வெளிச்சம் நிஜம், கார் மட்டும் அங்கே இல்லை. வெளிவராத மாடலை ரகசியமாக வைத்திருக்கவும், ஒரே படத்தில் பல மாடல்களை மாற்றிப் போடவும் இது உதவுகிறது. ஆக, கண்ணால் கண்டுபிடிக்கும் வித்தைக்கு ஒரு எல்லை உண்டு. இப்போது ஏஐ படங்களும் வந்துவிட்ட பிறகு அந்த எல்லை இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கிருந்து கணக்குக்குப் போக வேண்டும்.

வேகத்தை நீங்களே அளக்கலாம்

நம் ஊரில் விற்கும் சின்னக் கார்கள் பல 4 மீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். 4 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் பக்கவாட்டில் கடந்து போகும் ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, சாலையோரம் ஒரு கம்பத்தையோ கல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். காரின் முன் பம்பர் அதைத் தொட்டதிலிருந்து பின் பம்பர் தாண்டும் வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் படமாக இருந்தால், 360-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 4 ஃப்ரேம் என்றால் 90. 6 என்றால் 60. 9 என்றால் 40. நொடிக்கு 30 ஃப்ரேம் படமென்றால் 360-க்குப் பதில் 432.

புயல் மாதிரித் தெரிந்த வண்டி இந்தக் கணக்கில் 40, 50-க்கு இறங்கி வருவது சகஜம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் வேகம் கூடித் தெரியும். ஆக்ஷன் காட்சிகளில் நொடிக்கு 20 ஃப்ரேம் எடுத்து 24-இல் ஓட்டுவதும் பழைய பழக்கம். நடந்து போகிறவர்கள், பறக்கும் துணி, பறவை இவற்றின் அசைவு படபடவென்று இருந்தால் அது நடந்திருக்கிறது.

தாவும் காட்சிக்கு இன்னும் எளிய சோதனை. எவ்வளவு கனமான வண்டியானாலும், உச்சிக்குப் போய் விழத் தொடங்கிய முதல் அரை நொடியில் சுமார் 1.2 மீட்டர் இறங்கும், ஒரு நொடியில் சுமார் 4.9 மீட்டர். காரின் உயரத்தையே அளவுகோலாக வைத்து, உச்சியிலிருந்து தரை வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணிப் பாருங்கள். நீண்ட நேரம் மிதந்தால் ஸ்லோ மோஷன் அல்லது கிரேன். ஸ்லோ மோஷன் என்றால் தூசியும் துணியும் சேர்ந்தே மெதுவாகும். தூசி சாதாரணமாகப் பறக்க, கார் மட்டும் மிதந்தால் அது கிரேன்தான்.

இந்தச் சாய்வு உண்மையில் எவ்வளவு?

சாலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கேமராவைக் கொஞ்சம் சாய்த்து வைத்தே மாற்றிவிடலாம். இதற்கு நான் பார்ப்பது கம்பம், மரம், நின்றுகொண்டிருக்கும் ஆள். இவை எல்லாம் பூமிக்குச் செங்குத்தாகத்தான் நிற்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்திருப்பது கேமரா. தொலைவில் கடலோ ஏரியோ தெரிந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் மட்டம் எப்போதும் கிடையாகத்தான் இருக்கும். மரம், கம்பம், தண்ணீர் எதையுமே காட்டாமல் வண்டியையும் தரையையும் மட்டும் காட்டும் ஷாட்டில் சாய்வை நம்பாதீர்கள்.

இதை அலட்சியம் செய்தால் எவ்வளவு பெரிய ஏமாற்று நடக்கும் என்பதற்கு நிகோலா என்ற அமெரிக்க லாரி நிறுவனத்தின் கதை இருக்கிறது. 2018 ஜனவரியில் அவர்கள் நிகோலா ஒன் என்ற லாரி நெடுஞ்சாலையில் கம்பீரமாக ஓடுவதைக் காட்டும் படம் வெளியிட்டார்கள். 2020 செப்டம்பரில் ஹின்டன்பர்க் ரிசர்ச் என்ற நிறுவனம் அறிக்கை விட்டது: அந்த லாரி தன் சக்தியில் ஓடவே இல்லை, யூட்டா மாநிலத்தில் ஒரு சரிவின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் உருட்டிவிட்டிருக்கிறார்கள். நிறுவனம் மறுக்கவில்லை. தன் சக்தியில் ஓடுவதாக நாங்கள் சொல்லவே இல்லையே என்றது. சரிவு வெறும் 3 சதவீதம்தான், கண்ணுக்குச் சமதளம் மாதிரித் தெரியும். ஆனால் லாரி டயர் உருளுவதற்கு இழுக்கும் தடை அதன் எடையில் 1 சதவீதம்கூட வராது. அதனால் 3 சதவீதச் சரிவே தாராளம். நீண்ட சரிவில் நெடுஞ்சாலை வேகம் தானாக வரும். நிறுவனர் ட்ரெவர் மில்டன் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 2023 டிசம்பரில் 4 ஆண்டு சிறைத் தண்டனை. 2025-இல் அதிபரின் மன்னிப்பு கிடைத்து அவர் தப்பிவிட்டார். நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

ஏறும் சாகசத்துக்கு வேறு கணக்கு. 100 மீட்டர் கிடையாகப் போகும்போது 85 மீட்டர் ஏறினால் 85 சதவீதச் சரிவு. அதில் வழுக்காமல் நிற்கவே டயருக்கும் தரைக்கும் உராய்வுக் கெழு 0.85 வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் நல்ல டயருக்கு அது கிடைக்கலாம். இறுகிய பனியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் என்பது இங்கே உதவாது, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். ஆகவே பனிச் சரிவில் ஏறும் காரைப் பார்த்தால் டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆவுடி 1986-இல் ஃபின்லாந்தின் கைபோலா என்ற பனிச்சறுக்குத் தாவு மேடையில் 100 சிஎஸ் குவாட்ரோ காரை ஏற்றிக் காட்டியது, 37.5 டிகிரிச் சாய்வு. 2019-இல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்புஹெல் ஊரில், ஸ்ட்ரைஃப் பனிச்சறுக்குப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில், 85 சதவீதச் சரிவில், மத்தியாஸ் எக்ஸ்ட்ரோம் என்ற பந்தய ஓட்டுநர் இ-ட்ரான் காரை ஏற்றினார். அதற்கு ஆணி பதித்த சிறப்பு டயர், கூடுதல் மோட்டார், பாதுகாப்புக் கயிறு எல்லாம் இருந்தன. ஆவுடியே அதை வெளிப்படையாகச் சொன்னது. அதனால் எனக்கு அதில் குறை இல்லை. "நான்கு சக்கர இழுவை ஒழுங்காகச் சக்தியைப் பங்கிடுகிறது" என்று எடுத்துக்கொள்ளலாம். "ஷோரூமில் வாங்கும் கார் பனிமலை ஏறும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்ப முடியாதது நிஜமாக இருக்கும் இடங்கள்

சந்தேகப்பட்டே பழகியவர்கள் செய்யும் தவறு, நிஜத்தையும் பொய் என்று தள்ளிவிடுவது. அதற்கும் கணக்குதான் மருந்து.

2015 செப்டம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் டெர்ரி கிராண்ட் என்ற ஸ்டன்ட் ஓட்டுநர் ஜாகுவார் எஃப்-பேஸ் காரை 19.08 மீட்டர் உயர வளையத்துக்குள் தலைகீழாகச் சுற்றி இறக்கினார். பார்த்தவர்களில் பாதிப் பேர் கிராஃபிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். கணக்குப் போடுவோம். வளையத்தை முழு வட்டமாக வைத்தால் ஆரம் 9.54 மீட்டர். உச்சியில் தலைகீழாக இருக்கும்போது கீழே விழாமலிருக்க, வேகத்தின் வர்க்கம் ஆரத்தை 9.8-ஆல் பெருக்கியதற்குக் குறையக் கூடாது. அது 93.5, வர்க்கமூலம் நொடிக்கு 9.7 மீட்டர், அதாவது மணிக்கு 35 கிலோமீட்டர். அடியில் நுழையும்போது இந்த வர்க்கம் ஐந்து மடங்கு வேண்டும். அது மணிக்குச் சுமார் 78 கிலோமீட்டர். அவ்வளவுதான். நம் புறவழிச் சாலையில் பேருந்து போகும் வேகம். அடியில் ஓட்டுநரின் உடம்பு தாங்க வேண்டிய பாரம், கணக்குப்படி அவர் எடையைப் போல 6 மடங்கு. ஜாகுவார் சொன்னது 6.5 ஜி, அதாவது 6.5 மடங்கு. கணக்கும் சொன்னதும் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. உலக சாதனையாகவும் பதிவாகியிருக்கிறது. நிஜம். ஆனால் அங்கே சோதனைக்கு உள்ளானது பெரும்பாலும் அந்த மனிதரின் கழுத்தும் நிதானமும்தான். காரின் சக்திக்கு அது பெரிய தேர்வு இல்லை.

ரயில், விமானம் இழுப்பதும் இப்படித்தான். 2016-இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் ஸ்விட்சர்லாந்தில் ரைன் ஆற்றுப் பாலத்தின் மேல் மூன்று ரயில் பெட்டிகளை இழுத்தது, 100 டன்னுக்கு மேல். அந்தக் கார் இழுக்கலாம் என்று அங்கீகரித்த எடை 2.5 டன். பொய்யா? இல்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள, சமதளத்தில், எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு விசை இருந்தால் போதும். 100 டன்னுக்கு அது சுமார் 200 கிலோ. காருக்கு அது முடியும். அதனால் நிஜம், ஆனால் உங்களுக்கு உதவாத நிஜம். மேட்டில் மணல் ஏற்றிய டிரெய்லரை இழுக்க வேண்டும் என்றால் அந்த 2.5 டன் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே சாட்சி இருக்கிறதா?

படத்துக்கு வெளியே போய்த் தேடுங்கள். எடுத்த விதத்தைக் காட்டும் மேக்கிங் வீடியோ, எடுத்த இடத்தின் பெயர், தேதி, ஓட்டியவரின் பெயர், உள்ளூர்ச் செய்தி. நிஜமாகச் செய்தவர்கள் இதையெல்லாம் மறைக்க மாட்டார்கள், மேக்கிங் வீடியோவையே இன்னொரு விளம்பரமாக ஓட்டுவார்கள். மேக்கிங் வீடியோவும் அதே கம்பெனி எடுத்ததுதான் என்பதை மறக்க வேண்டாம். அதனால் கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஒருவர் அங்கே நின்று பார்த்தாரா என்பது பெரிய விஷயம். ஆஸ்டினில் வால்வோவைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்தாரா என்றும் தேடுங்கள். பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் பைக்குக்கு வந்த விளம்பரத்தில், நீண்ட விருந்து மேசை மேல் தட்டு, கண்ணாடிக் குவளை எல்லாம் அடுக்கியிருக்க, பைக் சீறிப் போய் மேசை விரிப்பை மட்டும் உருவும். ஒன்றும் கவிழாது. இப்படிப்பட்ட விஷயங்களைச் செய்து சோதிக்கும் மித்பஸ்டர்ஸ் என்ற டிவி நிகழ்ச்சிக்காரர்கள் அதே மாதிரி மேசை போட்டுச் செய்து பார்த்தார்கள். சாமான்கள் கவிழ்ந்தன.

திரும்பச் செய்வதில் ஆபத்தும் உண்டு. 2018-இல் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் சீனாவின் தியான்மென் மலையில் 999 படிகளை ஏறிக் காட்டியது, ஓட்டியவர் ஹோ-பின் டுங் என்ற பந்தய வீரர். 2025 நவம்பரில் செரி என்ற சீனக் கார் நிறுவனம் தன் ஃபுல்வின் எக்ஸ்3எல் காரை அதே படிகளில் ஏற்ற முயன்றது. கார் பாதியில் பின்னோக்கிச் சரிந்து கைப்பிடிச் சுவரை உடைத்தது. பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி கழன்று, கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாக நிறுவனம் விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டது. ஏறி முடித்திருந்தால் அந்தக் கயிறு எந்தப் படத்திலும் தெரிந்திருக்காது, என் மாதிரி ஒருவர் அழித்திருப்பார்.

சின்ன எழுத்தைப் படியுங்கள்

நிஸான் விளம்பரத்தில் "இது கற்பனை, முயன்று பார்க்காதீர்கள்" என்ற வரி இருக்கத்தான் செய்தது. ஆரம்பத்தில் மூன்று நொடி, சின்ன வெள்ளை எழுத்தில். அது போதாது என்றுதான் கமிஷன் சொன்னது. ஆகவே திரையின் அடியில் வரும் எழுத்தில் படத்தை நிறுத்திப் படியுங்கள். "தொழில்முறை ஓட்டுநர், மூடிய சாலை" என்றால் பெரும்பாலும் ஓட்டியது நிஜம் என்று பொருள். "சித்தரிப்பு", "கற்பனை" என்றால் நடக்கவில்லை என்று பொருள். "மாற்றியமைத்த வண்டி" என்றால் கடையில் கிடைப்பது வேறு.

இந்தியாவில் விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கியின் விதிகள் வாகன விளம்பரங்களுக்கென்றே தனியாக இருக்கின்றன. சாலை விதி மீறலைக் காட்டக் கூடாது, ஆபத்தாக ஓட்டத் தூண்டும் விதத்தில் வேகத்தைக் காட்டக் கூடாது, தொழில்முறைத் திறமை வேண்டிய சாகசத்தைச் சாதாரணப் போக்குவரத்துக்கு நடுவே காட்டக் கூடாது, காட்டும் சாகசத்துக்குப் படிக்கும்படியான எச்சரிக்கை வாசகம் வேண்டும். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் பேசும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் பெருமை பேசிவிட்டு எச்சரிக்கையை மட்டும் இங்கிலீஷில் ஓட்டினால் அது விதி மீறல். நம் டிவியில் இதைக் கவனித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் வகுப்புப் பையன்கள் பைக் விளம்பரத்தில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலியைப் பார்த்துவிட்டு ஈசிஆரில் முயன்று பார்க்கிறார்கள். அவனிடம் நான் அறிவுரை சொல்லவில்லை. இப்படிப்பட்ட படப்பிடிப்பில் நாங்கள் கையில் வாங்கும் துடைக்காத ஷாட் எப்படி இருக்கும் என்று விவரித்தேன். இடுப்பில் ஹார்னஸ், தோளுக்கு மேலே இரண்டு கம்பி, கிரேன், சட்டைக்குள் முதுகுக் கவசம், ஓரத்தில் ஆம்புலன்ஸ், இரு பக்கமும் மூடிய சாலை. துடைத்த பிறகு பையனும் பைக்கும் மட்டும்தான் மிச்சம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்தப் பக்கம் வண்டியே வராதா மாமா?" என்று கேட்டான். வராது என்றேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இப்படி விளம்பரம் வரும்போது கூட உட்கார்ந்து, எங்கே கம்பி இருந்திருக்கும் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். நன்றாகத் தேடுவார்கள்.

விளம்பரம் ஏமாற்றுகிறது என்று உறுதியாகத் தோன்றினால் புகார் கொடுங்கள். ஆஸ்கியின் இணையதளத்திலேயே கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. புகாரில் "இது பொய்" என்று மட்டும் எழுதினால் நகராது. எந்த சேனல் அல்லது தளம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நொடியில் என்ன காட்டியது, அது வண்டியைப் பற்றி என்ன நம்ப வைக்கிறது என்று நீங்கள் முதலில் எழுதி வைத்த அந்த ஒரு வரி, இவற்றோடு அந்த இடத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். சின்ன எழுத்து வந்த ஃப்ரேமின் ஸ்கிரீன்ஷாட் தனியாக இருக்கட்டும்.